நோய் விவரத்தில் பொய் எழுதியது யார்? தொழிலாளர் இழப்பீடு மறுக்கப்பட்ட வரலாறு

வேலையில் அடிபட்ட ஒரு தொழிலாளி இழப்பீடு கேட்கிறார். நிறுவனத்தின் வழக்கறிஞர், அவர் வேலைக்குச் சேர்ந்த நாளில் நிரப்பிக் கொடுத்த படிவத்தை எடுத்து நீட்டுகிறார். 'முதுகில் இதற்கு முன்பு ஏதாவது கோளாறு உண்டா?' என்ற கேள்விக்கு நேராக 'இல்லை' என்று இருக்கிறது. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் அவர் முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார். 'பொய் சொல்லி வேலை வாங்கியவர், இவருக்கு இழப்பீடு கிடையாது' என்பது நிறுவனத்தின் வாதம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வாதம் செல்லுபடியாகி வருகிறது.

தோழர்களே, இந்த வாதத்தின் வரலாற்றை நாம் படிக்க வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. தொழிலாளியின் உடம்பைப் பற்றிப் பொய் சொன்னவர்கள் யார் என்று வரலாற்றைக் கேட்டால், படிவத்தில் 'இல்லை' என்று எழுதிய தொழிலாளி வரிசையில் கடைசியில்தான் நிற்கிறார். முன்வரிசையில் கம்பெனிகளும், கம்பெனி மருத்துவர்களும், அவர்கள் எழுதி வைத்த ஏடுகளும் நிற்கின்றன. அந்த ஏடுகளைக் காட்டித்தான் கறுப்பினத் தொழிலாளிக்கும் தலித், ஆதிவாசித் தொழிலாளிக்கும் இழப்பீடு மறுக்கப்பட்டது.

ஒரு 'இல்லை'க்கு என்ன விலை

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம். ஜெர்மனியில் 1884, பிரிட்டனில் 1897, இந்தியாவில் 1923. எல்லா இடத்திலும் அடிப்படை ஒன்றுதான்: வேலையில் காயம் பட்டால் யார் தப்பு என்று கேட்காமல் முதலாளி பணம் தர வேண்டும். அமெரிக்காவில் இதற்குப் பதிலாக, நீதிமன்றத்தில் பெரிய தொகை கேட்டு வழக்குப் போடும் உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. தப்பு யாருடையது என்ற கேள்வியை வெளியே வைத்ததுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்.

அந்தக் கேள்வியை அமெரிக்க நீதிமன்றங்கள் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்தன. ஆர்தர் லார்சன் என்ற சட்ட அறிஞர் 1952 முதல் வெளியிட்ட இழப்பீட்டுச் சட்ட நூலில் மூன்று நிபந்தனைகள் தொகுக்கப்பட்டன. தொழிலாளி தெரிந்தே தன் உடல்நிலையைப் பற்றித் தவறாகச் சொல்லியிருக்க வேண்டும். முதலாளி அதை நம்பி வேலை கொடுத்திருக்க வேண்டும். மறைத்த நோய்க்கும் இப்போது பட்ட காயத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும். மூன்றும் நிரூபணமானால் இழப்பீடு இல்லை. இதே பாதையில் ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம் 1961-லும், தெற்கு கரோலினாவும் டென்னசியும் 1973-லும், ஜார்ஜியா 1989-லும் தீர்ப்புச் சொல்லின. இவற்றில் தெற்கு கரோலினா, ஜார்ஜியா போன்ற இடங்களில் சட்டமன்றம் எழுதாத ஒரு விதிவிலக்கை நீதிபதிகளே உருவாக்கிக் கொடுத்தார்கள்.

1990-ல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தபிறகு, வேலை தருவதாகச் சொல்வதற்கு முன்பு நோயைப் பற்றி விசாரிக்கக் கூடாது என்றானது. வேலை தருவதாகச் சொன்னபின் எல்லோரிடமும் ஒரேமாதிரி கேட்கலாம். அந்தப் படிவத்தில் எழுதும் 'இல்லை' இன்றும் வழக்குக்கு வந்து நிற்கிறது.

ஒருவர் ஏன் 'இல்லை' என்று எழுதுகிறார்? 'ஆம்' என்று எழுதினால் வேலை கிடைக்காது. பழைய வேலை கொடுத்த வலியோடுதான் அவர் புதிய வேலைக்கு வருகிறார். மூட்டை தூக்கி, கல் சுமந்து தேய்ந்த முதுகு அவருடைய சொந்தத் தவறாகப் படிவத்தில் ஏறுகிறது. நோயை உண்டாக்கிய பழைய முதலாளியின் பெயருக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.

ஹாக்ஸ் நெஸ்ட்: கம்பெனி எழுதிய நோய் விவரம்

இனி எதிர்ப்பக்கத்தைப் பார்ப்போம். 1930 மார்ச் இறுதியில், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கௌலி பிரிட்ஜ் என்ற ஊருக்கு அருகே ஒரு மலையைக் குடைந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கப்பாதை தோண்டத் தொடங்கினார்கள். ஆற்று நீரைத் திருப்பி மின்சாரம் எடுப்பது திட்டம். வேலை யூனியன் கார்பைடு நிறுவனத்துடையது. காண்ட்ராக்ட் எடுத்தது ரைன்ஹார்ட் அண்ட் டென்னிஸ் நிறுவனம். பொருளாதாரப் பெருமந்தம் நாட்டைப் பிடித்திருந்த காலம். சுரங்கத்துக்குள் இறங்கிய ஏறத்தாழ 3000 பேரில் நான்கில் மூன்று பங்கினர் தென் மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த கறுப்பினத்தவர்.

மலைப் பாறையில் சிலிகா மிக அதிகம். வேலை வேகமாக நடக்கவேண்டும் என்று தண்ணீர் விடாமலே துளை போட்டார்கள். உள்ளே வெண்தூசி பனிபோல நின்றது. பார்வையிட வந்த அதிகாரிகள் முகமூடி போட்டுக்கொண்டார்கள். தோண்டியவர்களுக்கு அது தரப்படவில்லை. பல ஆண்டுகள் தூசி சுவாசித்தவர்களுக்கு வரும் சிலிகோசிஸ் நோய் இங்கே மாதங்களிலேயே ஆட்களைக் கொன்றது.

அவர்களுடைய நோய் விவரத்தில் என்ன எழுதப்பட்டது? நிமோனியா, காசநோய், ப்ளூரசி. இவற்றோடு 'டன்னலைட்டிஸ்' என்று மருத்துவத்தில் இல்லாத ஒரு புதிய பெயர். கறுப்பினத்தவருக்கு நிமோனியா இயல்பாகவே அதிகம் வரும், அவர்கள் வாழும் விதமே அதற்குக் காரணம் என்று பேசினார்கள். இப்படி, தூசி கொடுத்த நோய் தொழிலாளியின் இனத்தோடும் ஒழுக்கத்தோடும் ஒட்டவைக்கப்பட்டது. இறந்தவர்களில் பலர் பெயரில்லாமல் புதைக்கப்பட்டார்கள். உயிரோடு இருந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்களுடைய சாவு வேறு ஊர்களில், வேறு நோய்களின் பெயரில் பதிவானது.

அந்த மாநிலத்தின் இழப்பீட்டுச் சட்டத்தில் அப்போது சிலிகோசிஸ் இல்லை. எனவே வழக்குப் போட்டார்கள். 1933-ல் முதல் வழக்கில் ஜூரிகள் ஒரு முடிவுக்கு வர முடியாமல் போகவே, 1,30,000 டாலருக்குச் சமரசம் பேசப்பட்டது. அதில் பாதி வழக்கறிஞர்களுக்குப் போனது. மிச்சத்தைப் பிரித்தபோது கறுப்பினத் தொழிலாளிக்கு வெள்ளைத் தொழிலாளியைவிடக் குறைத்தே கொடுத்தார்கள். இந்தச் சமரசத்தின்படி வழக்கு ஆவணங்களும் எதிர்த்தரப்பின் கைக்குப் போயின. பணத்தைவிடப் பெரிய இழப்பு இதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். மாநில அரசு 1935-ல் சிலிகோசிஸைச் சட்டத்தில் சேர்த்தது. அதற்குள் தோண்டும் வேலை முடிந்து ஆண்டுகள் ஓடிவிட்டன.

1936-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் விசாரணையில் 476 சாவுகள் என்று கணக்குச் சொல்லப்பட்டது. ஐம்பது ஆண்டு கழித்து, 1986-ல் மார்ட்டின் செர்னியாக் என்ற மருத்துவர் ஆராய்ந்து குறைந்தது 764 என்று மதிப்பிட்டார். ஏடுகளை எழுதியவர்கள் சரியாக எழுதியிருந்தால் இந்த மதிப்பீடே தேவைப்பட்டிருக்காது.

யூனியன் கார்பைடு என்ற பெயரை 1984 டிசம்பரில் போபாலில் நாம் மறுபடியும் கேட்டோம். அங்கும் இழப்பீடு பெற்றவர்களில் மிகப் பெரும்பான்மையோரின் பாதிப்பு 'தற்காலிகமானது' என்றே வகைப்படுத்தப்பட்டது. வாழ்நாள் முழுக்க மூச்சுத் திணறியவர்களும் அந்தக் கட்டத்துக்குள் அடைக்கப்பட்டார்கள்.

கருவிக்குள் புகுந்த நிறவெறி

ஏட்டில் எழுதுவது மட்டுமல்ல, அளக்கும் விதத்திலும் பொய் புகுந்தது. நுரையீரல் எவ்வளவு காற்றை இழுத்து விடுகிறது என்று அளக்கும் கருவி ஸ்பைரோமீட்டர். சாமுவேல் கார்ட்ரைட் என்ற அடிமைப் பண்ணை மருத்துவர் 1850களின் தொடக்கத்தில், கறுப்பினத்தவரின் நுரையீரல் திறன் வெள்ளையரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்று எழுதினார். வயலில் உழைப்பது அவர்களுடைய உடம்புக்கு நல்லது என்று நியாயப்படுத்த இது அவருக்குப் பயன்பட்டது. அடிமைமுறை ஒழிந்தபிறகும் இந்தக் கருத்து ஒழியவில்லை. கறுப்பினத்தவருக்கு 10 முதல் 15 சதவீதம் வரை குறைத்துக் கணக்கிடும் 'இனத் திருத்தம்' நவீனக் கருவிகளிலும் வந்து உட்கார்ந்தது.

இழப்பீட்டில் இதற்கு என்ன வேலை? வெள்ளையர் ஒருவரும் கறுப்பினத்தவர் ஒருவரும் ஒரே அளவு காற்றை ஊதுகிறார்கள் என்று வையுங்கள். வெள்ளையருக்கு அது 'பாதிப்பு', கறுப்பினத்தவருக்கு அது 'இயல்பு' என்று கருவி சொல்லிவிடும். 1999-ல் ஓவன்ஸ் கார்னிங் நிறுவனம் பால்டிமோர் நீதிமன்றத்தில் இதையே கேட்டது: ஆஸ்பெஸ்டாஸ் வழக்கு போடும் கறுப்பினத் தொழிலாளர்கள், வெள்ளையரைவிட மோசமான நுரையீரல் அளவைக் காட்டினால்தான் அவர்களுடைய வழக்கை எடுத்துக்கொள்ள வேண்டும். லண்டி பிரவுன் என்ற ஆய்வாளர் 2014-ல் எழுதிய நூலில் இந்த வரலாற்றை விரிவாகத் தந்திருக்கிறார். அமெரிக்க மார்பு மருத்துவர்களின் சங்கம் இனத்தைப் பார்க்காத அளவுகோலைப் பரிந்துரைத்தது 2023-ல்தான்.

நம் நாட்டில் ஸ்பைரோமீட்டருக்குள் சாதி இல்லை. தூசியில் யார் நிற்பது என்பதைச் சாதி முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. சாதி உழைப்பாளர்களையே மேல்கீழாக அடுக்குகிறது என்று பாபாசாகேப் அம்பேத்கர் 1936-லேயே காட்டினார். அதைத் தமிழர்கள் நேரடியாக அனுபவித்த இடம் ஒன்று உண்டு.

தங்கவயலின் நுரையீரல்

கோலார் தங்கவயல் நமக்குப் பழக்கமான பெயர். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேர்விட்டிருந்தது. 1926 முதல் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழை அங்கிருந்து நடத்தினார். இந்த அறிவு இயக்கத்துக்குக் காசு கொடுத்தவர்கள் பூமிக்கு அடியில் இறங்கிய தொழிலாளர்கள். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத் தொழிலை நிலைநிறுத்தியபோது வடஆர்க்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து போனவர்கள் அவர்கள். பெரும்பான்மையோர் தமிழ் பேசும் ஆதிதிராவிடர்.

அங்கே தங்கம் குவார்ட்ஸ் பாறையில் இருக்கிறது. குவார்ட்ஸ் என்பது சிலிகா. 1930களில்தான் அங்கு சிலிகோசிஸ் பற்றிய மருத்துவ அறிக்கை வந்தது. 1940 முதல் 1946 வரை 7653 தொழிலாளர்களை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தபோது 3402 பேருக்கு அந்த நோய் இருந்தது. பத்தில் நான்கு பேருக்கும் மேல். தொழிலில் இருந்தவர்களின் எண்ணிக்கை மட்டும் இது. முடியாமல் ஊருக்குத் திரும்பியவர்களும் அதற்குமுன் இறந்தவர்களும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். சுரங்கம் தொடங்கியதற்கும் எக்ஸ்-ரே எடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ அறுபது ஆண்டு. அந்த அறுபது ஆண்டில் இருமி இறந்த நம் பாட்டன்மார்களின் சாவு எந்த ஏட்டிலும் வேலை கொடுத்த நோயாகப் பதிவாக வழியே இல்லை.

இன்னொரு நிகழ்ச்சியும் இதோடு சேர்த்து நினைக்கத்தக்கது. 1930-ல் கம்பெனி தொழிலாளர்களின் கைரேகையை எடுத்துப் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தது. அதை எதிர்த்து மூன்று வாரம் வேலைநிறுத்தம் நடந்தது. கைரேகை குற்றவாளிகளிடம் எடுப்பது என்று அந்தக் காலத்துத் தொழிலாளி அறிந்திருந்தார். ஆளைக் கண்காணிக்க ரேகை எடுக்கத் தெரிந்த கம்பெனிக்கு, அதே ஆளின் நெஞ்சைப் படமெடுக்க இன்னும் பத்து ஆண்டு தேவைப்பட்டது. தொழிலாளியைப் பற்றி எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்பதை முதலாளியே தீர்மானித்தார்.

தங்கவயல் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. சயனைடு கலந்த மண்மேடுகளின் தூசி இன்றும் அந்தக் குடியிருப்புகளின் மேல் பறக்கிறது.

'டி.பி.' என்ற இரண்டெழுத்து

1700-ல் இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, நோயாளியிடம் கேட்கும் வழக்கமான கேள்விகளோடு 'என்ன தொழில் செய்கிறாய்?' என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று சக மருத்துவர்களுக்கு எழுதினார். முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் நம் மருத்துவமனைகளில் அந்தக் கேள்வி முழுதாகக் கேட்கப்படுவதில்லை. கல்குவாரி, கிரஷர் பகுதிகளில் நாங்கள் சந்திக்கும் குடும்பத்தார் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வருவார்கள். உள்ளே டி.பி. அட்டை, மாத்திரை உறை, சுருட்டி வைத்த எக்ஸ்-ரே இருக்கும். தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதியிருக்கும். "என்ன கூலின்னு கேக்கலையாம்மா?" என்றால், "கூலின்னு சொன்னோம், அதையே போட்டுக்கிட்டாங்க" என்பார்கள். கல் உடைத்தார், டிரில் பிடித்தார், மாவு மில்லில் நின்றார் என்ற ஒரு வார்த்தை எங்கும் இருக்காது.

மருத்துவர் வேண்டுமென்றே பொய் எழுதுகிறார் என்று நாங்கள் சொல்லவில்லை. சிலிகா ஏறிய நுரையீரலில் காசநோய் எளிதாகப் பற்றும். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சிலிகோசிஸோடு 'சிலிகோ-டியூபர்குலோசிஸ்' என்பதும் இடம் பெற்றிருக்கிறது. சிலிகோசிஸ்தான் ஊனத்துக்கோ சாவுக்கோ முக்கியக் காரணம் என்று காட்ட வேண்டும் என்பது அதற்கான நிபந்தனை. தாளில் 'டி.பி.' மட்டும் இருந்தால் இந்தக் கதவு அடைபடுகிறது.

குஜராத்தின் கோத்ரா பகுதியில் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளுக்கு மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர், தார் மாவட்டங்களிலிருந்து ஆதிவாசிகள் வேலைக்குப் போனார்கள். நோயோடு திரும்பி வந்து இறந்தார்கள். மஸ்டர் ரோல் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் கொடுக்கச் சொல்லி தேசிய மனித உரிமை ஆணையம் 2010-ல் பரிந்துரைத்தது. உச்ச நீதிமன்றம் 2016-ல் அதை உத்தரவாக்கியது. பெரும்பாடுபட்டுக் கிடைத்த வெற்றி இது. ஆனால் கொடுத்தது அரசு, ஆலை முதலாளிகள் அல்ல.

சட்டம் நமக்குக் கொடுத்திருப்பது

'அவருக்கு முன்பே நோய் இருந்தது, மறைத்துவிட்டார்' என்று நம் ஊரிலும் காண்ட்ராக்டர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கலங்க வேண்டாம். கீழே இருப்பவற்றை மனதில் வையுங்கள்.

1. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, முதலாளி எப்போது பணம் தராமல் தப்பலாம் என்று பட்டியலிடுகிறது. போதையில் இருந்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றியது ஆகியவை அதில் உண்டு. பழைய நோயைச் சொல்லவில்லை என்பது அதில் இல்லை.

2. 'குடித்திருந்தான்' என்ற வாதம் சாவுக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் செல்லாது. கழிவுநீர்த் தொட்டியில் இறந்த நம் தோழர்கள்மேல் முதலில் விழும் பழி இதுதான் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறோம்.

3. முன்பே நோய் இருந்ததால் மட்டும் உரிமை போய்விடாது. 1910-ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த வழக்கு ஒன்றில், இறந்த தொழிலாளியின் இதய ரத்தக்குழாய் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும் நிலையில் இருந்தது. ஸ்பேனரால் நட்டை முறுக்கும்போது அது வெடித்தது. இழப்பீடு உண்டு என்றே தீர்ப்பு. இந்திய நீதிமன்றங்களும் இந்த வழியைப் பின்பற்றியிருக்கின்றன.

4. 17-ஆம் பிரிவின்படி, இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது.

5. சிலிகோசிஸ் போன்ற நோய்க்குப் பல முதலாளிகளிடம் வேலை செய்திருந்தால் எல்லோரையும் பொறுப்பாக்கலாம்.

6. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் சொன்னபடி, ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, இதில் எது பிந்தையதோ அதுவரை வைத்திருக்க வேண்டும்.

7. இழப்பீட்டு மனுவுக்கு இரண்டு ஆண்டு காலவரம்பு உண்டு. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம். ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம்.

2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் இந்த விஷயங்கள் ஏழாம் அத்தியாயத்துக்குப் போயிருக்கின்றன. பிரிவு எண்கள் மாறியிருப்பதால், மனு எழுதும்போது வழக்கறிஞரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நாம் எழுத வேண்டிய ஏடு

ஹாக்ஸ் நெஸ்ட்டில் ஆவணங்களைக் கைப்பற்றினார்கள். தங்கவயலில் அறுபது ஆண்டு எழுதாமல் விட்டார்கள். கோத்ராவில் ஆள் வேலை பார்த்ததற்கே அத்தாட்சி இல்லாமல் செய்தார்கள். மூன்று இடத்திலும் தொழிலாளி தோற்றது உடம்பில் நோய் இல்லாததால் அல்ல, கையில் தாள் இல்லாததால். அதனால் தாளை உண்டாக்குவதும் நம் போராட்டத்தின் ஒரு பகுதிதான்.

மாணவத் தோழர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் தெருவில் குவாரி, கிரஷர், பனியன் கம்பெனி, தோல் ஷாப், கழிவுநீர் வேலைக்குப் போகிறவர்களிடம் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த இடத்தில், எந்த மேஸ்திரியின் கீழ், என்ன வேலை, கூட வேலை பார்த்தவர்கள் யார். கையெழுத்தோ ரேகையோ வாங்கி, தேதி போட்டு, அவரிடமே ஒரு பிரதியைக் கொடுங்கள். இருமலோடு மருத்துவமனைக்குப் போகும்போது அந்தப் பிரதியைக் கையில் கொண்டுபோகச் சொல்லுங்கள். 'கூலி' என்று எழுதப் போனால், "கல்குவாரியில் பன்னிரண்டு வருஷம் டிரில் பிடித்தவர் என்று எழுதுங்க டாக்டர்" என்று கூட நின்று சொல்லுங்கள். எக்ஸ்-ரே, ரத்தப் பரிசோதனை, மருந்துச் சீட்டு எதையும் தூக்கிப்போட வேண்டாம்.

இந்த நோட்டு நாளைக்கே வழக்கை வென்று தராது. ஆனால் பத்து ஆண்டு கழித்து ஒரு பெண் தன் கணவரின் சாவுக்கு இழப்பீடு கேட்டு ஆணையர் முன்னால் நிற்கும்போது, எதிர்த்தரப்பு நீட்டும் தாள் மட்டுமே அங்கே பேசாது. அவர் கையிலும் ஒரு தாள் இருக்கும்.